ஏரியலின் உச்சக் குரல்: தாமஸ் அடெஸின் 'தி டெம்பெஸ்ட்' ஓபரா டிவிடி

லண்டனில் 1971இல் பிறந்த இசையமைப்பாளர் தாமஸ் அடெஸ், தம் முதல் ஓபராவான (பாடியே நடத்தப்படும் இசைநாடகம்) 'பவுடர் ஹெர் ஃபேஸ்' 1995இல் செல்டன்ஹாம் இசைவிழாவில் அரங்கேறியபோது 24 வயது இளைஞர். 4 பாடகர்களுக்கும் 15 வாத்தியக் கலைஞர்களுக்கும் மட்டுமே எழுதப்பட்ட படைப்பு அது. 33 வயது நிறைவதற்குள், 2004 பிப்ரவரியில், லண்டன் ராயல் ஓபரா ஹவுஸின் பெரிய மேடைக்கு முழு இசைக்குழுவோடும் கோரஸோடும் (சேர்ந்து பாடும் குழு) 'தி டெம்பெஸ்ட்' என்ற மூன்று அங்க ஓபராவைக் கொண்டுவந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 2012இல் அடெஸே இசைக்குழுவை நடத்த, ரொபேர் லெபாஜ் இயக்கத்தில் அது மேடையேறியதன் பதிவுதான் டாய்ச்ச கிராமபோன் இசை நிறுவனம் வெளியிட்டுள்ள இந்த டிவிடி.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தைப் படித்தவர்கள் ஒரு செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: அந்த வரிகள் இதில் அப்படியே பாடப்படுவதில்லை. ஓபராவுக்கு உரை எழுதிய மெரிடித் ஓக்ஸ் அவற்றைச் சிறுசிறு எதுகை வரிகளாகத் திருத்தி எழுதியிருக்கிறார். படிக்கும்போது சற்று மெலிந்து தெரியும் அந்த வரிகள், இசை நீண்டு விரிவதற்கு வேண்டிய இடத்தைத் தருகின்றன என்பது இரண்டாம் அங்கத்தில், கதை நடக்கும் தீவில் பிறந்து வளர்ந்த கேலிபன் அதன் ஓசைகளைப் பற்றிப் பாடும்போது விளங்கிவிடும். முரடனாகவே நாம் பார்த்துப் பழகிய கேலிபனுக்கு இந்த ஓபராவின் மிகக் கனிவான மெட்டைக் கொடுத்திருப்பது அடெஸ் எடுத்த அருமையான முடிவு; ஆலன் ஓக் அதைக் கண்ணியத்தோடு பாடுகிறார்.

தீவில் உலவும் ஆவியான ஏரியலின் பாத்திரம்தான் இந்தப் படைப்பின் பெரும் துணிச்சல். மிக உயர்ந்த பெண்குரலான சோப்ரானோ பாடகியர் எப்போதாவது எட்டிவிட்டு இறங்கிவிடும் உச்ச சுரங்களிலேயே ஆட்ரி லூனா தொடர்ந்து சஞ்சரிக்க வேண்டியிருக்கிறது. அந்த உயரத்தில் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து சொற்கள் கரைந்துவிடுவதால், சப்டைட்டில் இல்லாமல் பொருளைப் பின்தொடர முடியாது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரியல் மனித இனத்தைச் சேர்ந்தது அல்ல என்பதை ஒப்பனையாலும் உடையாலும் காட்டுவதைவிட, குரலாலேயே நம் காதுக்கு உணர்த்துவதே மேடைக்கு எழுதும் இசையமைப்பாளரின் வேலை.

லெபாஜ் கதையை மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்குக்குள் நிகழ்த்துகிறார். புயலின்போது ஏரியல் சரவிளக்கில் சுழலும் தொடக்கக் காட்சி அபாரமானது. பிறகு அந்த அரங்கு என்ற கருத்து இசைக்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை, சில இடங்களில் தீவின் தனிமையையும் மறைத்துவிடுகிறது. துரோகத்தால் ஆட்சியை இழந்து மகளோடு தீவில் வாழும் மந்திரவாதி புரோஸ்பெரோவாக, உடலெங்கும் பச்சை குத்தி வரும் சைமன் கீன்லிசைடு அந்தக் குறையை மறக்கவைக்கிறார். இரண்டாம் அங்கத்தின் முடிவில் மகள் மிராண்டாவும் எதிரியின் மகன் ஃபெர்டினாண்டும் காதலில் இணைவதைப் பார்த்து, மகள் தன் ஆளுகையை மீறிவிட்டாள் என்று அவர் உணரும் சில நிமிடங்களில் குரல் தணியும் விதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

மூன்றாம் அங்கத்தின் சமரசக் காட்சியை விட்டுவிடாதீர்கள். அடியில் ஒரே இசைத்தொடர் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்க, அதன்மேல் ஐந்து குரல்கள் படிப்படியாக அடுக்கடுக்காய் எழும்புகின்றன. பேச்சு நாடகத்தில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச முடியும். இங்கே மன்னிப்பும் தயக்கமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன.

சிறந்த ஓபரா பதிவுக்கான கிராமி விருதை 2014இல் இது பெற்றது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு இஎம்ஐ வெளியீடாகத் தனியே வந்தது; இயன் போஸ்ட்ரிட்ஜின் கேலிபனுக்காக அதைக் கேட்கலாம். ஆனால் அடெஸை முதன்முறையாகக் கேட்பவர்கள், சொற்களைக் கண்ணால் பின்தொடர வழியுள்ள இந்த டிவிடியையே முதலில் வாங்க வேண்டும்.