இரவுக்குச் சோறா, சப்பாத்தியா, கேழ்வரகா?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு நின்றுபோனது. தினமும் நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்தால் எண் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சோறு சாப்பிட்ட மனிதர் அதை விட்டும் பலன் இல்லையே என்று உட்கார்ந்திருந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம்தான் இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சப்பாத்தி. 100 கிராம் எடுத்தால் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே 320-இலிருந்து 360-க்குள்தான். சலிக்காத முழு கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராம் அளவில் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட வராது, அது உண்மையான லாபம். இன்னொன்று, சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடலாம். ஆனால் நான்கு சப்பாத்தியோடு உருளைக்கிழங்கும் சேர்ந்தால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்துதான்.

சோற்றில் சிக்கலே அளவு தெரியாமல் போவதுதான். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று சுற்று போனால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? சோறுதான் வேண்டும் என்றால் புழுங்கலரிசியாக இருக்கட்டும். நெல்லை உமியோடு வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் ஓரளவு தங்கும். தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த ஊர்களில் பெரிபெரி வந்ததற்குக் காரணம் இந்த வைட்டமின் போனதுதான்.

கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் 10-ஐத் தொட்டாலே அதிகம். எலும்புக்கு இதைவிட நல்ல தானியம் நம் ஊரில் இல்லை. ஆனால் நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் சாமை, வரகிலும் தவிடு பெரும்பாலும் போயிருக்கும். சிறுதானியம் என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க நடத்திய ‘இண்டியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் 2025 கட்டுரை இதைத்தான் சொல்கிறது. இந்தியர்களுக்குக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாக கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை; மாவுச்சத்தில் கொஞ்சத்தைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால்தான் குறைகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் 2000 கலோரிக்குச் சொன்ன ஒரு நாள் கணக்கிலும் தானியம் 250 கிராம்தான், காய்கறி கீரை 400 கிராம். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ்.

என்னைக் கேட்டால் மூன்றில் எது என்பதைவிட எவ்வளவு, எதோடு என்பதுதான் முக்கியம். இப்போது அப்பாவுக்கு ராத்திரியில் புழுங்கலரிசிச் சோறு ஒரே ஒரு கரண்டி, கீரை மசியல் நிறைய, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், கொஞ்சம் மோர். மாத்திரையும் தொடர்கிறது, அதனால் எண் இறங்கியதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோறு திரும்பக் கிடைத்ததில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.