கம்பமா, நந்தி மலையா, நாசிக்கா? மதுரைல இருந்து ஃப்ரெண்ட்ஸோட ஒயின் தோட்டம் பாக்கக் கிளம்புறவங்களுக்கு

நாங்க அஞ்சு பேரு, ரெண்டு வருஷத்துல இந்த மூணு இடத்துக்கும் போய்ட்டு வந்துட்டோம். எங்க போலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். ஒயின் ருசி பாக்குறதுக்குன்னே போறீங்கன்னா செலவானாலும் நாசிக்தான், அதுலயும் சின்ன ஒயினரியாப் பாத்துப் போங்க.

மொதல்ல நம்ம கம்பம். வெள்ளன அஞ்சு மணிக்கு காரை எடுத்தா உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர் தாண்டி காலைச் சாப்பாட்டுக்கு உத்தமபாளையம் போயிரலாம். அங்கிட்டு சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் எங்க திரும்புனாலும் பந்தல், குனிஞ்சு உள்ள போனா தலைக்கு மேல பூரா பன்னீர் திராட்சை கொத்து கொத்தாத் தொங்குது, பின்னாடி மலை, முல்லைப் பெரியாறுத் தண்ணி வாய்க்கால்ல ஓடுது, அந்த நெழல்ல நின்னு பறிச்ச பழத்தை அப்பவே தின்ன சொகம் நாசிக்ல கெடைக்காதுப்பா. 2023ல புவிசார் குறியீடு வாங்குன பழம் இது. இன்னொன்னு, மத்த ஊர்ல எல்லாம் சீசன் பாத்துப் போகணும், இங்க வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்கும்.

ஆனா ஒயின்னு கேட்டா கதை வேற. பன்னீர் திராட்சை பெரும்பாலும் திங்கவும் ஜூஸுக்கும் போற பழம். தமிழ்நாட்டுல 2003ல இருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில, அதுனால தோட்டத்துலயே உக்காந்து கிளாஸ் கிளாஸா ருசி பாக்குற மாதிரி ஒரு எடம் எங்களுக்கு கெடைக்கல. எங்க செட்டுல ஒருத்தன் குடிக்கவே மாட்டான், அவனுக்கு மூணுல ரொம்பப் புடிச்சது கம்பம்தான்.

நந்தி மலை லேசான வழி. ராத்திரி பஸ்ஸோ ரயிலோ புடிச்சா காலைல பெங்களூரு, அங்கிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். தொட்டபள்ளாப்பூர் பக்கம் குரோவர் தோட்டம், பிரான்ஸ் ரகங்களை 1980கள் கடைசியிலயே நட்டவங்க. சுத்திக் காட்டி, பீப்பாய் ரூம்ல கூட்டிட்டுப் போயி ருசி பாக்க வைக்கிறாங்க, நல்லாவே இருந்துச்சு. மலை அடிவாரத்துல போகநந்தீஸ்வரர் கோயிலையும் விட்றாதீங்க. கொறைன்னா அரை நாள்ல முடிஞ்சிருது, சனி ஞாயிறுல மலைப்பாதை வண்டியால நெரியுது.

நாசிக் தூரம்தான். மும்பை வரைக்கும் ஃபிளைட், அப்புறம் ரோட்டுல நாலஞ்சு மணி நேரம். ஆனா வழியில இகத்புரிலயே ஆரம்பிச்சிருது, வல்லோனே ஒயினரி மாதிரி சின்ன எடத்துல ஏரியைப் பாத்துட்டே உக்காரலாம். சின்ன எடத்துல என்ன லாபம்னா ஒயின் செய்யுற ஆளே வந்து ஊத்துறாரு, அவசரம் இல்ல, கேள்வி கேட்டா நின்னு சொல்றாரு. இங்க பந்தல் கெடையாது, கொடியை கம்பியில வரிசையா கட்டி வச்சிருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடியை வெட்டி விடுற கவாத்து, ஆனா ஒரே ஒரு அறுவடை, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். குளிர்கால ராத்திரில நல்லாக் குளிருறதுனால பழத்துல புளிப்பு நிக்குது, அந்தப் புளிப்பு இல்லேன்னா ஒயின் சப்புன்னு போயிரும்னு சொன்னாரு. அப்புறம் ஒரு கருப்புத் திராட்சையை பிதுக்கிக் காட்டுனாரு, உள்ள செவப்பே இல்ல. கலர் எல்லாம் தோல்ல இருந்துதான் எறங்குதாம், தோலோட ஊற விட்டா ரெட், மொதல்லயே புழிஞ்சு சாறை மட்டும் எடுத்தா ஒயிட். கம்பத்துல இத்தனை கொத்து தின்னுருக்கோம், ஒரு தடவை கூட அதைக் கவனிக்கல!

நாசிக் போறவங்க பிப்ரவரில போங்க, அறுப்பும் பாக்கலாம், வெயிலும் ஏறியிருக்காது. வயித்துக்கு நல்லாப் போட்டுட்டு ஆரம்பிங்க, சென்ட் அடிச்சுக்காதீங்க, வாசனை புடிபடாது. ஒரு நாளைக்கு ரெண்டு ஒயினரி போதும், மூணாவதுல நாக்கு மரத்துரும். டிரைவர் வச்ச வண்டியா எடுங்க, அதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அன்னைக்கு அங்க டிரை டேவான்னு, அதாவது மது விக்காத நாளான்னு பாத்துக்கோங்க.