மொரிஸ் மைனர் டிரவலர்: மரத்தோடும் பெயின்டோடும் ஏழு வருடம்

கொழும்பு மரைன் டிரைவ் சிக்னலில் என் காரோடு நிற்கும்போது பக்கத்தில் வரும் ஓட்டோக்காரர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, அந்த மரம் ஸ்டிக்கரா?" இல்லை, மரமேதான். அமெரிக்காவின் பழைய ஸ்டேஷன் வேகன்களில் பக்கவாட்டில் மரம்போலத் தெரிவது பெரும்பாலும் வைனில் தாள், உரித்துவிட்டுப் புதிது ஒட்டலாம். பழைய மினி கன்ட்ரிமேனில் இருப்பது மெய்யான மரம், ஆனால் அலங்காரத்துக்கு. என்னுடைய மொரிஸ் மைனர் டிரவலர், பழைய இங்கிலாந்து ஸ்டேஷன் வேகன், அப்படியில்லை. முன்கதவுகளுக்குப் பின்னால் காரைத் தாங்கி நிற்பதே ஆஷ் மரச் சட்டம்தான், அது உக்கினால் காரின் பின்பாதி உக்கியதாக அர்த்தம். இது தெரியாமல்தான் 2018 இல் காசைக் கொடுத்து வாங்கினேன்.

என்னுடையது 1958 மொடல், 948 சி.சி. தெஹிவளையில் ஒரு பழைய வீட்டுப் போர்டிகோவில் பல வருடம் சும்மா நின்றது. முந்திய சொந்தக்காரர் மரம் முழுவதற்கும் வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பிரவுன் எனாமல் அடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்க வடிவாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்சில்லுக்கு மேலே போகும் கீழ்ச்சட்டத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து ஒருக்கா அழுத்தினேன், தொதலுக்குள் இறங்குவதுபோல பிடிவரை போய்விட்டது. டிரவலர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த ஸ்குரூட்ரைவர் வேலையைக் காசு கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். கீழ்ச்சட்டம், பின்தூண்களின் அடி, பக்கத்துச் சறுக்குக் கண்ணாடிகளுக்குக் கீழே போகும் இடுப்புச்சட்டம், இந்த மூன்று இடமும் நன்றாக இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

அதிலும் இடுப்புச்சட்டம்தான் மோசம். கண்ணாடி ஓடும் கால்வாயில் மழைத்தண்ணீர் தேங்கி நேரே மரத்துக்குள் இறங்குகிறது. தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் தூசியில் அடைபட்டிருந்தால் கதை முடிந்தது. ஒரு மே மாதம் என் காரில் அந்தக் கால்வாயில் சின்னதாக ஒரு காளானே முளைத்திருந்தது, மனைவி படம் எடுத்துக் குடும்பம் முழுக்க அனுப்பிவிட்டாள். இப்போது மாதம் ஒரு தடவை மெல்லிய கம்பியால் ஓட்டைகளைக் குத்திவிடுகிறேன். இந்த ஏழு வருடத்தில் நான் செய்த வேலைகளில் மிக மலிவானதும் அதிகம் பலன் தந்ததும் இதுதான்.

மர வேலைக்கு மொறட்டுவைக்குப் போனேன், தளபாடம் செய்யும் ஒரு தச்சு பாஸிடம். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, "மாத்தையா, இது காரா அலுமாரியா?" என்று கேட்டார். ஆஷ் இங்கே வளர்வதில்லை, இங்கிலாந்திலிருந்து சட்டத்தை எடுப்பித்தால் கப்பல் கூலியே என்னை விழுங்கிவிடும். ஆகவே கீழ்ச்சட்டம் இரண்டும் தூண்களின் அடியும் தேக்கில் போட்டோம். வெளியே நனையும் மரத்தின் நீடிப்பை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் ஐரோப்பியத் தரத்தில் நல்ல தேக்கு முதல் வகுப்பு, ஆஷ் கடைசி வகுப்பு. வளையும், அடி தாங்கும், ஆனால் ஈரத்துக்கு ஆகாது என்பதே ஆஷின் குணம். இங்கிலாந்துக் குளிரிலேயே உக்கும் மரம் வெள்ளவத்தையில் கடலுக்கு இருநூறு மீட்டர் தள்ளி என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். தேக்கில் உள்ள ஒரே குறை நிறம். ஆஷ் வெளிர் மஞ்சள், தேக்கு பழுப்பு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி. பழகிவிட்டது. இன்னொன்று, தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் எதைப் பூசுவதற்கும் முன்னால் தின்னரில் நனைத்த சீலைத்துண்டால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது.

சரி, இனி என் முட்டாள்தனங்கள். கராஜில் கார் பொடிகளுக்கு அடிக்கும் டூ-கே கிளியரையே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பூச்சு) மரத்துக்கும் அடித்தால் கண்ணாடிபோல மினுங்கும், பத்து வருடம் தொடத் தேவையில்லை என்றார்கள். மினுங்கியதென்னவோ உண்மைதான், 2019 சித்திரை வருடப்பிறப்பன்று கோயிலுக்குக் கொண்டுபோனபோது எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பதினாலு மாதம்கூடத் தாங்கவில்லை. வெயிலிலும் ஈரத்திலும் மரம் விரிந்து சுருங்குகிறது, கிளியர் அசையாது, ஆகவே மூட்டுகளில் மயிரிழை போல வெடித்தது. வெடிப்பால் தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. முதலில் பால் வெள்ளையாக மேகம், பிறகு மரத்துக்குள் கறுப்புக் கோடுகள். 2020 ஊரடங்கில் வேறு சோலி இல்லாததால் முழுவதையும் கையால் சுரண்டி எடுத்தேன், ஏறக்குறைய மூன்று வாரம். கறுப்பைப் போக்க ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசினேன், வெளுத்தது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொட வேண்டாம், காய்ந்தபின் உரஞ்சும்போது தூளையும் மூச்சில் இழுக்கக் கூடாது.

இரண்டாவது தடவை எதிர்ப்பக்கம் ஓடினேன். பழைய முறைதான் நல்லது என்று நினைத்து லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசினேன். வாசம் அருமை, நிறம் தேன். மே மாத மழை தொடங்கியதும் முழுக்கக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். அந்த எண்ணெய் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு என்று பிறகுதான் விளங்கியது. தூசியும் ஒட்டிக்கொண்டு கையெல்லாம் பிசுபிசுப்பு. லின்சீட் துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கொடியில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

மூன்றாவது, 2021 பெப்ரவரியில் செய்தது, இன்றுவரை நிற்கிறது. வெளிக்கதவு, ஜன்னல்களுக்கு விற்கும் பூஞ்சணத் தடுப்பு சேர்ந்த, ஈரத்தை மூச்சுவிட விடும் வகை வுட் ஸ்டெயின், வெளிர் ஓக் நிறம். மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். அதன்பிறகு வருடம் ஒரு சனிக்கிழமை, மழை இல்லாத ஜனவரி, பெப்ரவரியில், 320 கடதாசியால் மேலாக உரஞ்சி ஒரு கோட் மட்டும். மினுக்கம் இல்லை. முதல் வருடம் எனக்கே மனம் கேட்கவில்லை, பார்க்க ஏதோ தோட்டத்து வாங்கு மாதிரி இருந்தது. ஆனால் கீழே சொல்லப்போகும் பொலித்தீன் கதையைத் தவிர, கறுப்பு திரும்ப வரவில்லை. கொழும்பு ஈரத்தில் மரத்துக்கு மினுக்கம் காட்டுகிற எவரையும் நான் இப்போது நம்புவதில்லை.

பெயின்டைப் பற்றிச் சுருக்கமாக. பின்சீட் கரைக்கு உள்ளே ஒளிந்திருந்த பழைய நிறத்தை வைத்து, கிளாரண்டன் கிரே என்று தெரிந்துகொண்டு, கலர் மிக்ஸ் பண்ணும் கடையில் பொருத்தி எடுத்தோம். மெட்டாலிக் இல்லாத நிறம், ஆகவே கிளியர் தனியாக வேண்டாம் என்று ஒற்றைக் கட்ட டூ-கேதான் அடித்தோம். அது சரியான முடிவு. போனட்டும் கூரையும் வருடம் இரண்டில் மங்கும், கட் அண்ட் பொலிஷ் போட்டால் திரும்ப வரும், விளிம்புகளில் மட்டும் மெஷினை அழுத்தக் கூடாது, அங்கே பெயின்ட் மெல்லியது. பெயின்ட் அடித்த பையன் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தான். டூ-கேயின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சரியான மாஸ்க் இல்லாமல் வேலையைத் தொடங்க விட்டிருக்க மாட்டேன்.

பிழை போனது அலுமினியத்தில். மரச் சட்டங்களுக்கு இடையில் இருப்பது தகரம் அல்ல, அலுமினியம். அதற்கு முதலில் எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு வேண்டும். எங்கள் கராஜில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரைமர்தான் அடித்தார்கள். மூன்றாவது வருடம் வலது பின்பக்கம் நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கர் மாதிரி உரிந்தது. (ஓட்டோக்காரர்கள் கேட்டது இதைத்தானோ என்னவோ.) அதற்குமேல், முன்பு யாரோ இரும்பு ஸ்குரூ போட்டிருந்தார்கள், அந்த ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளைப் பவுடரோடு கொப்புளம். இரும்பும் அலுமினியமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் போட்டு, இரண்டு தகடுக்கும் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது. அது 2022 க்குப் பிறகு, டொலர் ஏறிய காலம். முதலில் முழுக்காருக்கும் வாங்கிய பெயின்டுக்குக் கொடுத்த காசு அப்போது இரண்டு தகட்டுக்குச் சரியாய்ப் போனது.

2022 ஜூனில், எரிபொருள் தட்டுப்பாட்டில், கொழும்பு–காலி வீதிப் பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் நின்றேன். வெயிலைவிடக் காகங்கள் செய்த சேதம் அதிகம், எச்சம் ஒரு பகல் காய்ந்தால் போதும், பெயின்டில் வட்டம் பதிந்துவிடும். போனட்டில் இன்றும் இரண்டு இருக்கிறது, பொலிஷுக்கு அசையவில்லை. கியூஆர் கோட் காட்டிப் பெட்ரோல் எடுக்கும் பங்கீட்டு முறை வந்தபின் கிழமைக்கு இருபது லீட்டர் கிடைத்தது, இந்தக் காருக்கு அது தாராளமாக இருந்தது. அதற்கு முந்திய ஒரு மாதம் ஓடாமல் நின்றபோது பொலித்தீனால் இறுக்கி மூடிவைத்ததுதான் என் கடைசி முட்டாள்தனம். திறந்தபோது உள்ளே வியர்த்து, தூண் அடி நாலும் கறுத்திருந்தது. மூடுவதென்றால் காற்றுப் போகும் துணி உறை, அல்லது கூரைக்குக் கீழே திறந்தபடி விடுங்கள்.

போன மாதம் இடது இடுப்புச்சட்டத்தில், பின் மூலையில், பெருவிரல் அளவு மெத்தென்று ஒரு இடம் கண்டேன். அது பழைய ஆஷ் துண்டு, நாங்கள் மாற்றாமல் விட்டது. மழைக்கு முன்னால் வெட்டித் தேக்கு வைக்க வேண்டும் என்று பாஸுக்கு ஃபோன் எடுத்தேன். "அலுமாரி இன்னும் ஓடுதா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.