இரண்டு தபரிகள், இரண்டு இப்னு ருஷ்துகள்: அரபுப் பெயரின் எந்தப் பகுதியை நம்பலாம்?

923-இல் பாக்தாதில் இறந்த வரலாற்றாசிரியர், அபூ ஜஃபர் முஹம்மது இப்னு ஜரீர் அத்தபரி. இதே பெயரில் ஷியா அறிஞர் ஒருவரும் உண்டு. குன்யா ('இன்னாரின் தந்தை' எனும் 'அபூ' பெயர்), இஸ்ம் (சொந்தப் பெயர்), தந்தை பெயர், ஊர் நான்கும் ஒன்றே. பாட்டனாரிடம்தான் பிரிகிறார்கள்: வரலாற்றாசிரியருக்கு யஸீது, ஷியா அறிஞருக்கு ருஸ்தம். ஆகவே எங்கள் கட்சி நஸப், அதாவது 'இப்னு' (மகன்), 'பின்த்' (மகள்) கோத்த தலைமுறைத் தொடர்.

பலரும் பிடித்துக்கொள்வது நிஸ்பாவை (ஊர், குலப் பெயர்). அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஈரானின் ரய் நகரத்தார் எல்லோரும் 'அர்ராஸி'. மருத்துவர் முஹம்மது இப்னு ஸகரிய்யாவும் ராஸி, 1210-இல் இறந்த ஃபக்ருத்தீன் முஹம்மது இப்னு உமரும் ராஸி. காயல்பட்டினத்து ஆலிம்கள் 'அல்காஹிரி' என்று எழுதிக்கொண்டார்கள். கெய்ரோக்காரருக்கும் அதே நிஸ்பா. காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா அப்பாவை எகிப்தில் தேடிவிடக் கூடாது!

குன்யா மரியாதைக்கு உரியது, அடையாளத்துக்குப் போதாது. 'அபூ' என்றால் பிள்ளை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; அபூ ஹுரைரா என்றால் பூனைக்குட்டிக்காரர். இப்ராஹீம் என்றால் அபூ இஸ்ஹாக், அலி என்றால் அபுல் ஹஸன் என்று வழக்கமான ஜோடிகளும் உண்டு. அப்படிப்பட்ட குன்யா புதிதாக எதையும் சொல்வதில்லை. 'இப்னு'வுக்குப் பின் 'அபூ', 'அபீ' ஆகும்: அலீ இப்னு அபீ தாலிப். இது இலக்கணம், வேறு ஆள் என்று பதிய வேண்டாம்.

லகப் பட்டப்பெயர். ஸலாஹுத்தீனின் இஸ்ம் யூஸுஃப், தந்தை அய்யூப். 'ஸலாஹ்' என்றோ 'தீன்' என்றோ அதை வெட்டினால் பொருள் போய்விடும். இஸ்மிலும் அப்படித்தான்: அப்துர் ரஹ்மானை 'அப்துர்' என்று நிறுத்தினால் 'அடிமை' மட்டும் மிஞ்சும், யாருடைய அடிமை என்பது போய்விடும்.

நஸபிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. இப்னு சீனாவின் தந்தை சீனா அல்லர், அப்துல்லாஹ். சீனா அவருக்கும் மேலே இருந்த மூதாதை. இப்னு கல்லிகான் தம் வாழ்க்கை வரலாற்று அகராதியை இஸ்ம் வரிசையில் அடுக்கியதால் அங்கே இப்னு சீனாவை 'ஹுஸைன்' என்ற அவருடைய இஸ்மில் தேட வேண்டும்.

நஸபுக்கே பெரிய சோதனை குர்துபாவின் (ஸ்பெயினின் கோர்டோபா) இப்னு ருஷ்துகள். பாட்டனார் இறந்தது 1126-இல், பேரர் 1198-இல். இருவரும் அபுல் வலீத் முஹம்மது இப்னு அஹ்மத், இருவருமே காழிகள் (நீதிபதிகள்). அரபு நூல்களே 'அல்ஜத்' (பாட்டனார்), 'அல்ஹஃபீத்' (பேரர்) என்று ஒட்டுச் சேர்க்கின்றன. அதனால் குறிப்பெடுக்கும்போது இஸ்ம், தந்தை, பாட்டனார் மூன்றையும் எழுதி, பக்கத்திலேயே இறந்த ஆண்டையும் போட்டுவிடுங்கள்.