மொட்டைமாடிக் கோழிக்கூண்டு: எல்லாம் சரி, பைப் வாயை ஏன் திறந்து விட்டீர்கள்?

ஆடித் தள்ளுபடியில் இந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கூண்டின் விலை இறங்கியதிலிருந்து, வாங்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஆறடிக்கு மூன்றடி, அரை இஞ்ச் வெல்ட் மெஷ், அடியில் இழுவை ட்ரே, பக்கத்தில் முட்டைப் பெட்டி என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் சொல்லாத ஒன்றுதான் எனக்கு ஆத்திரம்: கோழியின் இரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சியான செள்ளு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ட்ரே பிரமாதம். முழு நீளத்துக்கும் ஒரே தகடு. குனியாமல் இழுத்து, எச்சத்தைச் சாக்கில் கொட்டி, கழுவி உள்ளே தள்ள ஐந்து நிமிடம் போதும். சென்னைப் புழுக்கத்தில் நான்கு பக்கமும் காற்று ஓடுவது கோழிக்குப் பெரிய நிம்மதி. வடகிழக்குப் பருவமழையில் நனைந்தும் மெஷ்ஷில் துரு இல்லை. பெரிய எலி நுழைய வழியே இல்லை. இந்த விலைக்கு இத்தனை நல்ல வேலை வேறு எதிலும் நான் பார்க்கவில்லை.

ஆனால் ட்ரே பளிச்சென்று இருப்பதை நம்பி ஏமாறக்கூடாது. செள்ளு எச்சத்தில் குடியிருப்பதில்லை, இடுக்கில் குடியிருக்கிறது. இந்தக் கூண்டில் கோழி உட்காரும் இரண்டு குறுக்குக் கம்பிகளும் ஒரு இஞ்ச் சதுர பைப். அறுத்தபடியே விட்டிருக்கிறார்கள், இரண்டு முனையும் திறந்த வாய். போதாததற்கு போல்ட் போட நடுவில் துளைகள். சிவப்புச் செள்ளு முழு வளர்ச்சியிலேயே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். பகலெல்லாம் இருட்டு இடுக்கில் கும்பலாகக் கிடக்கும். விளக்கணைந்ததும் கோழி மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து முழுப்பூச்சி ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். கோழியே இல்லாமல் பட்டினியாகவும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட பூச்சிக்கு மழை படாத, பிரஷ் நுழையாத ஒரு குழாயை, கோழியின் காலுக்கு நேர் கீழே, நீளமாகக் கொடுத்திருக்கிறார்கள். சில ரூபாய் பிளாஸ்டிக் மூடி நான்கு போட்டிருந்தால் முடிந்த விஷயம்.

இருக்கிறதா என்று பார்க்க இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பியின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் துணியில் சிவப்புத் தீற்றல் விழும். பகலில் பைப் வாயின் ஓரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்: மிளகும் உப்பும் கலந்து சிந்தியதுபோலச் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் அது தூசி இல்லை, செள்ளு உரித்த சட்டையும் எச்சமும். முட்டை ஓட்டில் சிறு இரத்தப்புள்ளி, வெளுத்த கொண்டை, சாயங்காலம் கூண்டுக்குள் போக அடம்பிடிக்கும் கோழி எல்லாம் அதே சேதிதான்.

இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியங்களில் பாதி இந்தக் கூண்டுக்கு ஆகாது. கேஸ் டார்ச்சால் சுடச் சொல்வார்கள். ஜிஐ பைப்பைச் சுட்டால் துத்தநாகப் பூச்சு வெண்புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல். பூச்சும் போய்த் துரு ஏறும், பைப்பின் நடுவில் இருக்கும் பூச்சிக்கோ ஒன்றும் ஆகாது. டயட்டமேசியஸ் எர்த், அதாவது நுண்பாசிப் படிவுப் பொடி, மோசமில்லை. பூச்சியின் மேல் இருக்கும் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும். காற்று காய்ந்திருந்தால்தான் அது நடக்கும். கடல்காற்று ஈரமும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் பொடி பசையாகி வேலை மந்தமாகிவிடும். வறண்ட ஊர்க்காரர்கள் புகழ்வதைப் படித்துவிட்டு இங்கே கிலோ கணக்கில் கொட்டாதீர்கள். தூவும்போது மாஸ்க் கட்டாயம், கோழிக்கும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெட் ஷாப்பில் நாய் உண்ணிக்கு விற்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயைக் கோழிப்பக்கமே கொண்டுபோகக்கூடாது. 2017-ல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்களே, அது நெதர்லாந்துப் பண்ணைகளில் இதே செள்ளுக்கு அந்த மருந்தைச் சட்டவிரோதமாக அடித்ததால்தான். முட்டையில் இறங்கிவிடும்.

இனி, பலன் தரும் வழி. கோழிகளை வெயில் ஏறியதும் வெளியே விட்டுவிட்டு, இரண்டு கம்பிகளையும் கழற்றுங்கள். பைப்பைச் செங்குத்தாகத் தட்டி, உள்ளே இருக்கும் குப்பையை வாளிச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். சோப்புத் தண்ணீரை உள்ளே ஓடவிட்டு, நீளக் கம்பியில் துணி சுற்றி இழுத்துச் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் பைப் உள்ளிருந்தே அரிக்கும். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் 1.25 சதவீத டெல்டாமெத்ரின் பூச்சிமருந்தை லேபிளில் உள்ள அளவுக்குத் தண்ணீரில் கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி, பைப்பின் உள்சுவர் முழுக்க நனையும்படி விடுங்கள். மீதியை மூலை இணைப்புகள், போல்ட் துளைகள், ட்ரேயின் மடித்த விளிம்பு, முட்டைப் பெட்டியின் இரட்டை பிளைவுட் நடுவே அடியுங்கள். கையுறை வேண்டும். இந்த மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. மாடியில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கழிவுநீர் போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூனையும் அன்றைக்கு அந்தப்பக்கம் வரக்கூடாது. காய்ந்த பிறகே கோழி உள்ளே.

முனைகளை எம்-சீல் (இறுகிக் கெட்டியாகும் அடைப்புப் பசை) வைத்து அடைத்துவிடுங்கள். சிலிக்கானைக் கோழி கொத்திப் பிய்த்துவிடும். போல்ட் துளைகளையும் விடாதீர்கள். ஒரு துளை போதும் அதற்கு. பிளைவுட் பெட்டியைத் தூக்கிப்போட்டு பிளாஸ்டிக் கூடையோ மண் தொட்டியோ வையுங்கள்.

ஒருமுறை அடித்ததோடு நிறுத்துவதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். மருந்து செள்ளின் முட்டையைக் கொல்லாது. முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, செள்ளுக்குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்குள் மறுபடி அடிக்க வேண்டும். ஐந்து முதல் ஏழாவது நாளுக்குள், பிறகு இன்னொரு தடவை. அதற்கும் அசையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி வேறு மருந்து கேளுங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்தும் போகாத இன்னொரு வகை உண்டு. அது பகலும் இரவும் கோழி மேலேயே இருக்கும். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள், இறகு கறுத்துப் பிசுபிசுத்து இருக்கும். இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேனின் முட்டை, வேறு சங்கதி. அடைக்கோழிதான் இதில் அதிகம் மாட்டுகிறது. மண் குளிக்க எழுவதே அபூர்வம். 21 நாள் அடைக்குள் செள்ளு மூன்று தலைமுறை எடுத்துவிடும். அடை வைக்கும் முன்பே கோழியைப் பார்த்து, புது மணல் போடுங்கள். மற்ற கோழிகளுக்கு மணலோடு சலித்த விறகுச் சாம்பல் கலந்த ஒரு தொட்டி, மழை படாத இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

செள்ளு வரும் வழிகளில் நம் கண்ணில் படாதது புறா. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறந்ததும் பட்டினியான செள்ளு அடுத்த பறவையைத் தேடும், கிடைக்காவிட்டால் படுக்கையறையில் நம்மைக் கடிக்கும். பல்லாவரம் சந்தையில் வாங்கிய கோழியையும் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்ற கோழிகளோடு சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ட்ரேயை அவ்வளவு மெச்சிவிட்டு, என் பதில்: வாங்காதீர்கள். அடைத்துக்கொள்ளலாம்தான், வழியும் சொல்லிவிட்டேன். ஆனாலும் கோழி உட்காரும் கம்பியின் முனையை மூடவேண்டும் என்று தோன்றாதவரிடம் தள்ளுபடி என்பதற்காகப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஃபிரேமுக்கு எல் ஆங்கிள் போடச் சொல்லுங்கள், பைப்பே வேண்டாம். ட்ரேக்கு இதே அளவைக் கொடுங்கள். உட்கார, பட்டை உரித்து இழைத்த இரண்டு இஞ்ச் சவுக்குக் கழி இரண்டு, சுவரிலிருந்து விலகி நிற்கும் யூ கொக்கிகளில் சும்மா வைத்தாற்போல் இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வசதி. மூங்கில் கொடுத்தால் வாங்காதீர்கள், அதுவும் குழாய்தான்.