சம்பளத்தில் பிடித்த பி.எஃப் பணம் கணக்கில் ஏறியதா? வேலையில் இருக்கும்போதே பாருங்கள்

சம்பளச் சீட்டில் மாதாமாதம் 1,800 ரூபாய் பி.எஃப் பிடித்திருப்பார்கள். வேலையை விட்டபின் பாஸ்புக்கைத் திறந்தால் கடைசிச் சில மாதங்கள் காலி. சிறு நிறுவனங்களில் பணமுடை வந்தால் முதலில் கைவைப்பது இதில்தான். சம்பளம் நின்றால் அன்றே கேட்பார்கள், பி.எஃப்-ஐ யாரும் பார்ப்பதில்லை. சிடிசி-யில் (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கு) நிறுவனப் பங்கையும் சேர்த்துக் காட்டியிருந்தால் உங்களுக்கு நட்டம் மாதம் 3,600.

சீட்டை நம்ப வேண்டாம், பாஸ்புக்கைப் பாருங்கள். பி.எஃப்-ஐ நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ-வின் தளத்திலோ அரசின் உமங் செயலியிலோ உங்கள் யுஏஎன் (பி.எஃப் உறுப்பினர் எண்) கொண்டு உள்ளே நுழைந்து பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால் ஊழியர் பங்கு 1,800, நிறுவனம் தரும் 1,800-இல் நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியம் 1,250 என்று வரவாகியிருக்க வேண்டும். பணம் கட்டக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. மாதக் கடைசியிலும் ஏறவில்லையா, எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டால் 'சர்வர் டவுன்' என்பார்கள். அந்தத் தளம் அடிக்கடி படுப்பது உண்மைதான், மூன்று மாதம் சேர்ந்தாற்போல் படுக்காது.

இன்னும் சில தில்லுமுல்லுகள் உண்டு: சீட்டில் ஒரு அடிப்படைச் சம்பளம், பி.எஃப்-க்குக் குறைத்து வேறொன்று. சேர்ந்த தேதியைத் தள்ளிப் போடுவது. பழைய யுஏஎன் இருக்கப் புதிதாக ஒன்று திறப்பது. வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பதும் வழக்கம். அதற்கு அவர்களைக் கெஞ்ச வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் இபிஎஃப்ஓ தளத்தின் 'மார்க் எக்ஸிட்' பகுதியில் ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதியலாம்.

புது ஆஃபர் வந்தவர்கள் இதைச் செய்யுங்கள்: இபிஎஃப்ஓ தளத்தின் 'எஸ்டாப்ளிஷ்மெண்ட் சர்ச்' பகுதியில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்துப் பணத்தை எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது தெரியும். லாகின் தேவையில்லை. மாதங்கள் விட்டுப் போயிருந்தாலோ, இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேருக்கே கட்டியிருந்தாலோ யோசித்துச் சேருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இபிஎஃப்ஓ-வின் குறைதீர்ப்புத் தளமான 'இபிஎஃப்ஐஜிஎம்எஸ்'-இல் புகார் பதியுங்கள். எந்தெந்த மாதம் விடுபட்டது என்று தனித்தனியாக எழுதி, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் இணையுங்கள். 'பி.எஃப் கட்டவில்லை' என்ற ஒற்றை வரிப் புகாரைச் சுலபமாக முடித்துவைத்துவிடுவார்கள். அசையவில்லை என்றால் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்ட அளவில் இபிஎஃப்ஓ நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமில் நேரில் மனுக் கொடுங்கள். சம்பளத்தில் பிடித்த ஊழியர் பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

வேலையை விடும் அன்றே அலுவலக மின்னஞ்சலை முடக்கிவிடுவார்கள். அதனால் சம்பளச் சீட்டுகளை வந்த மாதமே சொந்த மின்னஞ்சலில் சேமித்துவிடுங்கள்.