தகடா, களமா, அட்டையா, சிஜிலா? மாந்திரீகப் பயிற்சியில் மனதைப் பிடிக்கும் வடிவங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில், பூஜையறை மூலையில் யந்திரம் கீறிய ஒரு செப்புத் தகடு இருக்கும். ‘மலையாள மாந்திரீகம்’ தேடி மலைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். தகட்டில் தெய்வம் குடியிருக்கிறதா என்பது அவரவர் நம்பிக்கை, அதற்குள் போகவில்லை. தகடு, தரையில் பொடியால் வரையும் களம், பஞ்சபூத வடிவங்கள் வரைந்த அட்டை, விருப்பத்தைக் குறியாகச் சுருக்கும் சிஜில் ஆகிய நான்கில், கண்டதும் மனதைக் குறித்த நிலைக்குக் கொண்டுவர எந்த வடிவம் தோது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

எதை எடுத்தாலும் ஒரு விஷயம் பொது. எந்நேரமும் கண்ணில் படுகிற வடிவத்தை மனம் பார்ப்பதை நிறுத்திவிடும். ஆகவே எது எவ்வளவு நேரம் கண்முன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

தகடு தோற்பது இங்கேதான். ஆணியடித்து மாட்டிய தகடு கொஞ்ச நாளில் சுவரோடு சுவராகிவிடுகிறது. பட்டுத்துணியால் மூடி வைத்து, பயிற்சி நேரத்தில் மட்டும் திறந்தால் தேறும். திறந்தவுடன் ஒரே மந்திரம், ஒரே நேரம், ஒரே இருக்கை. ஸ்ரீசக்கரம் வாங்குவதானால் கடையிலேயே எண்ணிப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் மேல்நோக்கிய முக்கோணம் 4, கீழ்நோக்கியது 5. இவை வெட்டிக்கொள்வதால் வெளியிலிருந்து உள்ளாக 14, 10, 10, 8, 1 என மொத்தம் 43 சிறு முக்கோணங்கள் வர வேண்டும். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூட வேண்டிய இடத்தில் அச்சு சற்று விலகியிருந்தால் வேண்டாத குட்டி முக்கோணம் ஒன்று முளைத்திருக்கும், பார்வை அதிலேயே போய்ச் சிக்கும். விளக்கைத் தகட்டுக்கு நேரே வைத்தால் செம்பு கண்ணைக் கூசச் செய்யும். பக்கவாட்டில் வைத்தால் கீறல்களில் நிழல் விழுந்து கோடு எடுப்பாகத் தெரியும். குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து கீறலை அடைக்கும் என்பதால், வாரம் ஒருமுறை புளி போட்டுத் துலக்கி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பச்சைக் களிம்பு ஏறும்.

‘உருவேற்றிய தகடு’, அதாவது மந்திரம் ஜபித்துச் சக்தி ஏற்றியது, என்று கூடுதல் விலை சொல்வார்கள். மனதின் கணக்கில் அதற்கு மதிப்பு குறைவு. வடிவத்துக்கும் உங்கள் மனநிலைக்கும் இடையிலான முடிச்சு உங்கள் ஜபத்தில் விழ வேண்டியது, இன்னொருவர் ஜபித்து அதைப் போட்டுத் தர முடியாது. 27, 20, 25 என்று தொடங்கி எப்படிக் கூட்டினாலும் 72 வரும் குபேர எண்கட்டமும் இந்த வேலைக்கு உதவாது. கண் எண்ணைப் படிக்கப் போய்விடும்.

பொடிக்களத்தின் கதையே வேறு. நாக வழிபாட்டுக்கு வரையும் சர்ப்பக் களத்தில், நாகப்பாட்டு பாடும் புள்ளுவர் சமூகத்தாரின் பாட்டுக்குத் துள்ளும் பெண்கள் கமுகம்பூக்குலையால் (பாக்குமரப் பூக்குலை) களத்தையே அழித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் வரைந்தது சில நிமிடத்தில் போய்விடும். அதனால் மனம் சலிக்க இடமே இல்லை. அந்தக் களத்தை எழுத அதற்குரியவர்கள்தான் வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு எட்டிதழ் பத்மம் (தாமரை) போதும்.

மெழுகிக் காய்ந்த தரையில், நடுவில் புள்ளி வைத்து, கயிற்றால் ஒரு சாண் ஆரத்தில் வட்டம் போடுங்கள். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, பிறகு மூலைகள் என எட்டாகப் பிரித்து, இதழ்களை எதிரெதிர் ஜோடியாக வரையுங்கள். வரிசையாகச் சுற்றி வந்தால் கடைசி இதழ் நிச்சயம் ஒடுங்கிப்போகும். பச்சரிசி மாவு கால் கிலோ தாராளம். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும். நைசாக இருந்தால் விரலில் அப்பும், மின்விசிறிக் காற்றில் பறக்கும். மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு வாகை இலைப்பொடி. இலையை நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் பழுப்பாகிவிடும். சிவப்புக்கு மஞ்சள்பொடியில் சுண்ணாம்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துப் பிசறுங்கள். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் நிறம் செங்கல்லாகிக் கறுக்கும், விரலும் எரியும். வரைந்து முடிக்கும்போதே மனம் பாதி அடங்கியிருக்கும். பயிற்சி முடிந்ததும் உங்கள் கையாலேயே, வெளியிலிருந்து நடுவுக்கு, கலைத்துவிடுங்கள். குறை என்றால் நேரமும் இடமும்தான். அடுக்குமாடி டைல்ஸ் தரையில் பொடி வழுக்கும், அங்கே மணைப்பலகை மேல் வரையலாம்.

பஞ்சபூத அட்டை எளியது. சைவ மரபில் நிலத்துக்குச் சதுரம், நீருக்குப் பிறை, நெருப்புக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், வானுக்கு வட்டம். லண்டனில் 1888-இல் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகக் குழு இந்தியாவிலிருந்து போன இதே ஐந்தை அட்டையாக்கியபோது, காற்றுக்கு நீல வட்டமும் வானுக்குக் கருமுட்டையும் வைத்துக்கொண்டது. எந்த மரபை எடுத்தாலும் சரி, இரண்டையும் கலக்காதீர்கள். வட்டத்தைப் பார்த்ததும் காற்றா வானா என்று யோசிக்க ஆரம்பித்தால் வேலை கெட்டது. சிவப்பு முக்கோணத்தை 30 விநாடி இமைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவருக்குப் பார்வையை மாற்றினால் நீலப்பச்சை முக்கோணம் மிதக்கும். அது சித்தியல்ல, விழித்திரை களைப்பு. ஆனால் கண்ணை மூடி உருவத்தைப் பிடித்து நிறுத்தப் பழகுவதற்கு அருமையான படிக்கட்டு. கண் நீர் வடிந்தால் நிறுத்திவிடுங்கள். வலிப்பு உள்ளவர்கள் விளக்கொளி ஆடும் இருட்டறையில் இதைச் செய்ய வேண்டாம்.

சிஜில் ஏறக்குறைய எதிர்த்திசை. ஆங்கில ஓவியர் ஆஸ்டின் ஒஸ்மான் ஸ்பேர் (1886–1956) வகுத்த முறையில், விருப்பத்தை எழுதி, திரும்ப வரும் எழுத்துகளை அடித்து, மிச்சத்தை ஒரே குறியாகப் பின்னி, மனதில் பதித்துவிட்டு மறந்துவிட வேண்டும். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் கழித்து மெய்யை மட்டும் எடுங்கள். ‘தெளிவாகப் பேசுவேன்’ என்பதில் 9 எழுத்து, திரும்பி வரும் ப, வ போக த, ள, வ, க, ப, ச, ன என 7 நிற்கும். நம் எழுத்து வளைவுகள் நிறைந்தது, பத்துக்கு மேல் போனால் நூல்கண்டு ஆகிவிடும், வாக்கியத்தைச் சுருக்குங்கள். ‘பயப்பட மாட்டேன்’ என்று எழுதினால் பயம்தான் பதியும். வரைந்த குறியை இன்னும் வாசிக்க முடிகிறதென்றால் மறுபடி வரையுங்கள். ஒற்றைக் காரியத்துக்கு, ஒரு நேர்காணல் மாதிரி, இது போதும். தினசரி தியானத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

சிலர் சிஜிலை எழுதித் தகட்டுக்கு அடியில் மடித்து வைக்கிறார்கள், இரட்டிப்புப் பலன் என்று. தகட்டைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அந்த விருப்பம் நினைவுக்கு வரும், மறக்க வேண்டியது மறக்காது, ஜபமும் அந்தக் கவலையோடு ஒட்டிக்கொள்ளும். வைத்திருந்தால் எடுத்து எரித்துவிட்டு, தகட்டை ஒரு மாதம் மூடிப்போட்டு, பிறகு புதிதாகத் தொடங்குங்கள்.